நட்டு உட்கார்ந்தால் விழுகிற மொட்டை

மொட்டை அன்றைக்கும் விழுந்தது. நட்டு டிஸ்க்கை மாட்டினான், கம்ப்யூட்டர் பெட்டியைப் போட்டான், திரையில் பச்சைக் கட்டம் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். வந்ததும் பூனையைத் தடவுகிற மாதிரி மெல்ல ஒரு தட்டு தட்டினான். திரை ஒரு கணம் யோசித்தது. பிறகு அந்தப் பாழாய்ப்போன ஒற்றை வரியை ஆங்கிலத்தில் துப்பிவிட்டு, எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் கறுத்து நின்றது.

“அண்ணே, விழுந்துருச்சா?” பக்கத்து நாற்காலியிலிருந்து ரேடியோ எட்டிப் பார்த்தாள்.

“விழுந்துருச்சு.”

“எனக்கு ஓடுதே!”

“அதான் தெரியுதே. அதை ஏன் ஊருக்கே கேக்கற மாதிரி சொல்ற?”

“நான் மெதுவாத்தான் சொன்னேன்.”

அவள் மெதுவாகச் சொன்னால் தெருக்கோடி வரைக்கும்தான் கேட்கும். ரேடியோ என்ற பட்டப்பெயர் சும்மா வந்துவிடவில்லை.

அந்தக் கொட்டகைக்கு, ஆபீஸ்காரர்கள் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர்கள் லாரி லாரியாக வரும். இறக்கி, திருப்புளியால் கழற்றி, இரும்பு ஒரு பக்கம், வயர் ஒரு பக்கம் என்று பிரித்துப் போடுவார்கள். உயிரோடு இருக்கிற டிஸ்க்குகள் மட்டும் பின்கட்டு மேஜைக்கு வரும். டிஸ்க் என்பதும் அலமாரி மாதிரிதான். பழைய ஆளின் சாமான்களைக் காலி செய்தால் மட்டும் போதாது. புதிதாகத் தட்டு அடிக்க வேண்டும், எந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று எழுதிக்கொள்ள ஓர் ஓரமும் விட வேண்டும். அதற்குப் பிறகுதான் அதை இன்னொருத்தர் வாங்கிப் புழங்க முடியும். இந்த வேலையைச் செய்கிற புரோகிராமுக்கு, அதை எழுதியவன் வாயில் நுழையாத ஒரு பெயரை வைத்திருந்தான். இருப்பதையெல்லாம் வழித்தெடுத்துவிடுவதால் கொட்டகையில் அதற்கு மொட்டை என்று பெயராகிவிட்டது.

எழுதியவன் வேறு யாரும் இல்லை, நட்டுவின் மச்சான், பெண்டாட்டியோடு கூடப்பிறந்த தம்பி. அதுதான் நட்டுவுக்கு இரட்டைத் தலைவலி. மொட்டை விழுந்தால் குற்றம் தன் கைமேல் வரும், இல்லையென்றால் தன் குடும்பத்தின்மேல் வரும்.

அவன் இந்த மேஜைக்கு வந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் லாரியில் சுமை இறக்கிக்கொண்டிருந்தவன். இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டது என்று டாக்டர் படம் எடுத்துக் காட்டினார். குனிந்தால் நிமிர முடியாது, நிமிர்ந்தால் உட்கார முடியாது. மூன்று வருஷமாகச் சாயங்கால வகுப்புக்குப் போய், உதட்டை அசைத்து அசைத்தாவது எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்ததால் முதலாளியம்மா மனசு இரங்கி இந்த நாற்காலியைக் கொடுத்தார். நாற்காலிக்கு எதிர்ச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. வந்த அன்றைக்கு ரேடியோ வேலையை வாயாலேயே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கும்போது, அவன் அதைத்தான் விரல் வைத்துப் படித்தான். ‘டிஸ்க்கில் இருப்பதைத் திறந்து பார்க்கக் கூடாது. மீறினால் வேலை இல்லை.’ ஒரு தடவைகூடத் தடுக்காமல் படித்து முடித்ததில் அவனுக்கு அன்று முழுதும் சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷம் மறுநாளே போயிற்று. ரேடியோ தட்டினால் ஓடுகிறது, அவன் தட்டினால் விழுகிறது. நாற்காலியை மாற்றிப் பார்த்தார்கள். அவள் பெட்டியில் இவன் உட்கார்ந்தாலும் விழுந்தது. இவன் பெட்டியில் அவள் உட்கார்ந்தால், இவன் கழற்றிய டிஸ்க்கை அடுக்கிவிட்டு வருவதற்குள் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி ஓடியது. டிஸ்க்கை மாற்றினார்கள், வயரை மாற்றினார்கள். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் பெட்டியை அணைத்து, கழற்றி, மாட்டி, மறுபடி போட வேண்டும் என்பதால் இந்தப் பரீட்சையிலேயே பாதிப் பொழுது ஓடிவிடும். மீதிப் பொழுதில் ரேடியோ இரண்டு பேர் வேலையையும் செய்வாள், வாயும் வேலை செய்யும்.

முதலாளியம்மா வெள்ளிக்கிழமை வந்து நின்றார். அதிர்ந்து பேசாத பெண்மணி. அதனாலேயே எல்லோருக்கும் அவரிடம் பயம்.

“நட்டு, திங்கக்கிழமை பெரிய லோடு வருது. இந்த மேஜைல ரெண்டு பேர் வேலை நடக்கணும். அதுக்குள்ள இது சரியாகலைன்னா நீங்க பழையபடி வண்டிக்கே போயிடுங்க. நான் என்ன பண்றது, சொல்லுங்க.”

“சரிங்கம்மா,” என்றான் நட்டு. வேறு என்ன சொல்வான்? அவனுக்கு இடுப்பிலிருந்து கணுக்கால்வரை அப்போதே ஒரு மின்னல் இறங்கியது.

வீட்டில் சொன்னபோது அவன் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். “என்னங்க இது, மிஷின் ஆள் பாத்தா வேலை செய்யும்?”

“அதைத்தான் நானும் கேக்கறேன்.”

“நீங்க அதை ஓங்கிக் குத்திருப்பீங்க. கதவையே அப்படித்தான சாத்தறீங்க.”

“தாயே, பச்சைக் கொழந்தையத் தொடற மாதிரி தொடறேன். உன் தம்பி எழுதினது, உன் தம்பி புத்திதான அதுக்கும் இருக்கும்? என்னைக் கண்டாலே அதுக்கு ஆகாது.”

அவள் போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். “டேய், நீ எழுதின சனியன் உங்க மாமாவை வேலையை விட்டே துரத்தப் போகுது. நாளைக்கு வர்றியா, இல்ல நான் வரட்டுமா?” அவள் வருவதைவிடத் தானே போய்விடுவது நல்லது என்று மச்சானுக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலையில் அவன் தோளில் மடிக்கணினிப் பையோடு கொட்டகைக்கு வந்து சேர்ந்தான்.

“என்ன மாமா, என் புள்ளையப் போட்டு அடிக்கிறீங்களாமே?”

“உன் புள்ளைதான்டா என்னை அடிக்குது. உக்காந்து பாரு.”

மச்சான் உட்கார்ந்தான். பெட்டியைப் போட்டதும், என்ன டிஸ்க் என்று பார்ப்பதற்காகச் சொடுக்கித் திறந்தான். யாரோ ஒரு குடும்பத்தின் படங்கள் திரை முழுக்க மலர்ந்தன. நட்டு சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான், குளியலறைக் கதவு தவறித் திறந்துவிட்டால் திரும்பிக்கொள்கிற மாதிரி.

“ஏன் மாமா அங்க திரும்பிட்டீங்க?”

“நீ உன் வேலையப் பாரு.”

மச்சான் படங்களை மூடிவிட்டு மொட்டையை ஓட்டினான். அது ஓடி முடித்து, ‘டிஸ்க் தயார்’ என்று பெருமையாகச் சொன்னது.

“ஓடுதே மாமா!”

“எல்லாருக்கும் ஓடுதுடா. எனக்குத்தான் ஓடல. எந்திரி.”

நட்டு உட்கார்ந்தான். டிஸ்க்கை மாற்றிப் பெட்டியைப் போட்டான், தட்டினான். விழுந்தது.

மச்சான் தலையைச் சொறிந்தான். “உங்க உடம்புல கரண்ட் எதுவும் ஓடுதா மாமா?”

“ஓடினா லைட் பில்லாவது மிச்சமாயிருக்கும்.”

ரப்பர் கையுறை போட்டுத் தட்டச் சொன்னான். விழுந்தது. பூட்ஸைக் கழற்றிவிட்டுத் தட்டச் சொன்னான். விழுந்தது. எழுதுகோலால் தட்டச் சொன்னான், அதற்கும் விழுந்தது. “ஒரு தடவ தும்மிட்டுத் தட்டுங்கண்ணே,” என்று ரேடியோ யோசனை சொன்னாள். நட்டு அவளை முறைத்தான். ஆனால் உள்ளுக்குள், தும்மல் வந்தால் பரவாயில்லை என்றுகூட இருந்தது. வேறு நாதியில்லையே.

கடைசியில் மச்சான் மடிக்கணினியைத் திறந்து, மொட்டையின் வயிற்றுக்குள் எந்த வரியில் உயிர் போகிறது என்று பார்க்க ஏதோ ஒரு வழியைப் போட்டான். நட்டு மறுபடி தட்டி விழவைத்தான். விழவைப்பதில் அவன் இப்போது கைதேர்ந்தவன். எழுத்துகள் எறும்பு வரிசையாக ஓடின. மச்சான் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

“மாமா, பிடிச்சிட்டேன். நல் பாயின்டர்.”

“நல்லதுன்னா ஏன்டா விழுது?”

“அந்த நல் இல்ல மாமா.” மச்சான் நாற்காலியைத் திருப்பிக்கொண்டான். “இப்படி வெச்சுக்கோங்க. மாட்டியிருக்கற ஒவ்வொண்ணையும் அழிக்கறதுக்கு முன்னாடி, இது இப்ப யார் கையிலயாவது இருக்கான்னு மொட்டை கேக்கும். அதுக்கு ஒரு பட்டியல் இருக்கு. அந்தப் பட்டியல் எந்த இடத்துல இருக்குன்னு ஒரு சீட்டுல எழுதி இதுகிட்ட குடுக்கணும். உங்களுக்கு ஓட்டும்போது சீட்டு வருது, சீட்டுல ஒண்ணும் எழுதல. நல்னா அதான், வெறும் சீட்டு. இது அதைப் பாக்காம, சீட்டை எடுத்துட்டு ஜோரா கிளம்பிப் போய் கதவைத் தட்டுது. அங்க கதவே இல்ல. குப்புற விழுது.”

நட்டு இதை மெதுவாக மென்றான். “சீட்டு ஏன் எனக்கு மட்டும் வெறுமையா வருது?”

“அதான் தெரியல.”

“ரேடியோவுக்கு எழுதிக் குடுக்கற ஆளு எனக்கு ஏன் எழுத மாட்டேங்கறான்?”

“ஆளெல்லாம் இல்ல மாமா. விடுங்க, காரணம் அப்புறம் பாத்துக்கலாம். விழாம பண்ணிடறேன். ஒரு வரி வேலை. சீட்டு வெறுமையா இருந்தா, பட்டியலும் காலின்னு எடுத்துக்கோ, எந்த டிஸ்க்கும் யார் கையிலயும் இல்ல, மேல போன்னு எழுதிட்டா முடிஞ்சுது.”

இதில் ஏதோ இடிக்கிறது என்று நட்டுவுக்குப் பட்டது, ஆனால் என்னவென்று சொல்லத் தெரியவில்லை. விழாமல் இருந்தால் சரி என்று விட்டுவிட்டான். மச்சான் அந்த ஒரு வரியை எழுதி, பெட்டியின் பின்பக்கம் செருகியிருந்த பென் டிரைவில் புது மொட்டையை ஏற்றினான். மேஜையில் இருந்த இரண்டு பெட்டிகளுக்கும் சொந்த டிஸ்க் கிடையாது. அந்தச் சின்னக் குச்சியிலிருந்துதான் பெட்டி கண் விழிக்கும், மொட்டையும் அதற்குள்தான் குடியிருக்கும்.

சரியாக அந்த நேரத்துக்கு முதலாளியம்மா உள்ளே வந்தார். “ஆயிடுச்சா?”

“ஆயிடுச்சும்மா. மாமா, தட்டுங்க.”

நட்டு தட்டினான். விழவில்லை! பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து முனைவரை போனது. ‘டிஸ்க் தயார்’ என்றது. நட்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். கோடு மறுபடி முதலிலிருந்து ஊர்ந்தது. ‘டிஸ்க் தயார்’ என்று இரண்டாம் தடவையும் சொன்னது. பிறகு திரை கோணல்மாணலாகி, எழுத்துகள் உதிர்ந்து, பெட்டி செத்துவிட்டது. அணைத்துப் போட்டால் எழுந்திருக்கவில்லை. எங்கிருந்து எழுந்திருப்பது என்றே அதற்குத் தெரியாதது போல ஒரு புள்ளி மட்டும் மினுக்மினுக்கென்று மின்னியது.

“ரெண்டு டிஸ்க்கா மாட்டியிருந்தீங்க?” என்றார் முதலாளியம்மா.

“ஒண்ணுதாம்மா,” என்றான் நட்டு.

மச்சான் பின்பக்கம் கையை விட்டுக் குச்சியைப் பிடுங்கி, தன் மடிக்கணினியில் செருகிப் பார்த்தான். அவன் முகம் விழுந்தது. குச்சி துடைத்துவிட்ட தட்டு மாதிரி இருந்தது. மொட்டை அடித்த மொட்டையும் இல்லை, பெட்டியைக் கண் விழிக்க வைப்பதும் இல்லை. எதுவும் யார் கையிலும் இல்லை, மேலே போ என்று சொன்னானா, அது போயிற்று. தான் குடியிருந்த வீட்டையும் சேர்த்து வழித்துவிட்டது.

“தன்னையே தின்னுடுச்சா?” ரேடியோவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

“அதுக்கு விழுந்துகிட்டே இருந்ததே தேவலை,” என்றார் முதலாளியம்மா.

மச்சான் காது சிவந்து நின்றான். “தப்பும்மா. பட்டியல் காலியா இருக்கறதும் பட்டியலே இல்லாததும் ஒண்ணுன்னு நெனச்சிட்டேன். ஒருத்தர் வீட்டுல யாரும் இல்லங்கறதும், அந்த வீடு எங்க இருக்குன்னே எனக்குத் தெரியலங்கறதும்...” அவனே பாதியில் நிறுத்திக்கொண்டான்.

“எனக்குப் புரியவேண்டாம்பா. பழைய குச்சி வேற இருக்கா? அதைப் போடு. இந்தப் பொண்ணு உக்காரட்டும். இவளுக்கு எப்படி ஓடுதுன்னு நானே பக்கத்துல நின்னு பாக்கறேன். அப்ப தெரிஞ்சிடும், கோளாறு மிஷின்லயா, ஆள்லயான்னு.”

ரேடியோவின் வாய் அந்த வருஷத்திலேயே முதல் தடவையாகத் தானாக மூடிக்கொண்டது. அவள் வந்து உட்கார்ந்தாள். முதலாளியம்மா அவள் தோளுக்குப் பின்னால், மூச்சுப் படுகிற தூரத்தில் நின்றார். ரேடியோ டிஸ்க்கை மாட்டினாள், பெட்டியைப் போட்டாள். கை மவுஸின்மேல் போனது, எதையோ சொடுக்கப் போகிற மாதிரி விரல் எழும்பியது, அப்படியே நின்றது. சுவரைப் பார்த்தாள். பிறகு நேராகப் பச்சைக் கட்டத்துக்கு வந்து தட்டினாள்.

விழுந்தது.

“உனக்குமா?” முதலாளியம்மா புருவத்தை உயர்த்தினார்.

“எனக்கு... எனக்கு எப்பவும் விழாதும்மா,” என்றாள் ரேடியோ. குரல் இப்போது உண்மையாகவே மெதுவாக வந்தது. அவள் முதலாளியம்மாவைப் பார்க்கவில்லை, நட்டுவைத்தான் பார்த்தாள்.

அந்தப் பார்வையில்தான் நட்டுவுக்குள் ஏதோ இடறியது. தேநீர் நேரத்தில் இவள் சொல்கிற கதைகள். பல் விழுந்த ஒரு சின்னப் பையன் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டது. ஒரு கிழவர் தினமும் தன் மீசையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டது. கல்யாணத்தில் மாப்பிள்ளை மட்டும் ஒரு படத்தில்கூடச் சிரிக்காதது. எல்லாம் இவள் சொந்தக்காரர்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தான். இவ்வளவு பெரிய சொந்தமா என்று பொறாமைகூடப் பட்டிருக்கிறான்.

மச்சானுக்கும் அதே நேரத்தில் பொறி தட்டிவிட்டது. “அட! இந்தக் குச்சியில எடம் பத்தலன்னு நான்தான் எல்லாத்தையும் வெட்டித் தூக்கினேன். பட்டியலை எழுதற வேலை மட்டும் மிச்சம் இருக்கு, அதுவும் யாராவது ஒரு டிஸ்க்கைத் திறந்தாதான் நடக்கும். அப்பதான் பட்டியலே பொறக்கும். காலைல நான் தெறந்தேன், ஓடுச்சு. அப்படின்னா இவங்க வழக்கமா...”

நட்டு தன் பூட்ஸ் காலால் மச்சானின் செருப்புக்காலை நன்றாக மிதித்தான். மச்சான் “ஆ” என்று வாயை மூடிக்கொண்டான். கொஞ்சம் தாமதமாகத்தான் மூடினான்.

“திறந்தாதான்னா?” என்றார் முதலாளியம்மா. “யார் திறக்கறா இங்க?”

வெளியே லாரி ஒன்று பின்னுக்கு வரும் சத்தம் கேட்டது.

“நட்டு, நீங்க சொல்லுங்க. இத்தனை நாளா உங்களுக்கு மட்டும் ஏன் விழுந்துச்சு?”

இரண்டே வார்த்தைதான். ‘நான் திறக்கலம்மா.’ சொல்லிவிட்டால் நாற்காலி இவனுடையது, இடுப்பு பிழைத்தது, வீட்டில் கரண்டி ஒழுங்காக ஆடும். ஆனால் அந்த இரண்டு வார்த்தைக்குப் பின்னால் இன்னொரு கேள்வி தயாராக நின்றது. அப்படியானால் இவளுக்கு ஏன் விழவில்லை? நட்டுவின் தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது. சொல்படி நடந்தவன் கையில் விழுவதும், மீறியவர்கள் கையில் ஓடுவதும் என்ன யந்திரம் இது? அப்படியானால் தான் செய்தது சரியா, தப்பா? அவனுக்கே பிடிபடாத ஒன்றை எந்த வாயால் சொல்வது? உதடு, எழுத்துக் கூட்டுவதுபோல் இரண்டு தடவை அசைந்தது.

“எனக்கு ஒண்ணும் புரியலம்மா,” என்றான்.

அது பொய் என்றும் சொல்ல முடியாது.

முதலாளியம்மா அவனை வெகு நேரம் பார்த்தார். பிறகு ரேடியோவைப் பார்த்தார். அப்புறம் மச்சானிடம் திரும்பி, “திங்கக்கிழமை காலைல நான் வந்து பாப்பேன். விழவும் கூடாது, தன்னைத் தின்னவும் கூடாது,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் செருப்புச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் மூவரும் மூச்சு விட்டார்கள்.

“அண்ணே,” என்றாள் ரேடியோ, “நீங்க சொல்லியிருக்கலாம்ல?”

“என்னத்த?”

“திறக்கலன்னு.”

“திறக்காதது ஒரு விஷயமாம்மா? செய்யாததப் போய் என்னன்னு சொல்றது?”

“நான் எதையும் எடுக்கலண்ணே. சும்மா பாப்பேன். அழிக்கப் போறமே, கடைசியா ஒருத்தராவது பாக்கட்டுமேன்னு.”

நட்டு சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்தான். அவள் சொல்வதில் ஒரு நியாயம் இருப்பது போலவும் இருந்தது. சுவரில் இருப்பதிலும் நியாயம் இருந்தது. இரண்டு நியாயமும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து அவனையே பார்த்தன.

“மாமா,” மச்சான் காலைத் தடவிக்கொண்டே சொன்னான், “பட்டியல் இல்லன்னா இது என்ன பண்ணட்டும்? விழக்கூடாது. காலின்னு நெனச்சுக்கவும் கூடாது.”

“தெரியலன்னா தெரியலன்னு சொல்லிட்டு நிக்கட்டுமே.”

“நின்னா வேலை எப்படி நடக்கும்?”

“அப்ப கேக்கட்டும்.”

“யார?”

“உக்காந்திருக்கறவனத்தான்.”

மச்சான் மடிக்கணினியை இழுத்து வைத்துக்கொண்டான். “அதுக்கு நான் பட்டியலை முதல்லயே எழுதற மாதிரி பண்ணிட்டா போதுமே,” என்றான். பிறகு, “ஆனா என்னிக்காவது அது எழுதாம விட்டா மறுபடி விழுமே,” என்றும் அவனே சொன்னான். கடைசியில் எதைச் செய்தான், எதை விட்டான் என்று நட்டுவுக்கு விளங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தான். அக்காக்காரி நடுநடுவே வந்து, “முடிஞ்சுதா?” என்று கேட்டு அவன் பிராணனை வாங்கினாள்.

திங்கட்கிழமை முதலாளியம்மா இவர்களுக்கு முன்பே வந்திருந்தார். வாசலில் லாரி நின்றிருந்தது. இறக்குகிற ஆட்கள் நட்டுவைப் பார்த்து, “வாங்க வாங்க, உங்களுக்குத்தான் காத்திருக்கோம்,” என்று கேலி செய்தார்கள். கேலிதானா என்று அவனுக்குச் சந்தேகமாக இருந்தது. உள்ளே போனால், அவன் நாற்காலியில் முதலாளியம்மா உட்கார்ந்திருந்தார்.

நட்டு கதவருகிலேயே நின்றுவிட்டான். ரேடியோ தன் இடத்தில் பொம்மை மாதிரி இருந்தாள். மச்சான் மூலையில் நின்று நகம் கடித்தான்.

“டிஸ்க்கை மாட்டுங்க,” என்றார் முதலாளியம்மா.

நட்டு மாட்டினான். அவரே பெட்டியைப் போட்டார். எதையும் திறக்கவில்லை. பச்சைக் கட்டத்தில் தட்டினார். மொட்டை விழவில்லை, ஓடவும் இல்லை. தமிழில் இரண்டு வரி வந்து நின்றது. நட்டு உதட்டை அசைத்துப் படித்தான். ‘எது உபயோகத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அழிக்க வேண்டியதை நீங்களே காட்டுங்கள்.’ கீழே இரண்டு கட்டங்கள். ஒன்றில் பெரிய டிஸ்க், இன்னொன்றில் குச்சி.

முதலாளியம்மா அந்த வரிகளை இரண்டு தடவை படித்தார்.

“இது எப்பவும் கேக்குமா?” என்றார் மச்சானிடம்.

மச்சான் நகத்தை வாயிலிருந்து எடுத்தான். “திறந்து பாக்காதவங்ககிட்ட கேக்கும்மா.”

“திறந்து பாத்தவங்ககிட்ட?”

“கேக்காது.”

ரேடியோவின் நாற்காலி கிரீச்சென்றது. முதலாளியம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவர் கை மவுஸின்மேல் இருந்தது, ஆனால் நகரவில்லை.

“நட்டு.”

“அம்மா.”

“எதைக் காட்டணும்?”

“பெரிசைம்மா. சின்னது நம்ம வீடு.”

அவர் காட்டவில்லை. எழுந்து, நாற்காலியைப் பின்னால் இழுத்துவிட்டார். “உக்காருங்க. கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. வெளிய லோடு நிக்குது,” என்றார். கதவுவரை போய், யாரிடம் என்று தெரியாமல் பொதுவாகச் சொன்னார். “ரெண்டு மிஷின்லயும் கேக்கணும்.”

போய்விட்டார். அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டதா, தெரிந்து மன்னித்தாரா, இல்லை மன்னிக்காமல் தள்ளிவைத்தாரா, நட்டுவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தான் ஜெயித்தவனா என்றும் தெரியவில்லை. இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நாற்காலியில் மெல்ல இறங்கினான். நாற்காலி இன்னும் கொஞ்சம் சூடாக இருந்தது. பக்கத்துப் பெட்டியில் ரேடியோ எதையும் திறக்காமல் நேரே தட்டுகிற சத்தமும், பிறகு அவள் வரிகளை முணுமுணுத்துப் படிக்கிற சத்தமும் கேட்டன.

“அண்ணே,” என்றாள் அவள், “கேக்குதுண்ணே.”

“பதில் சொல்லு,” என்று சொல்லிவிட்டு, நட்டு பெரிய கட்டத்தின்மேல் விரலை வைத்தான். சரியாகத்தான் வைத்திருக்கிறோமா என்று மறுபடி ஒரு தடவை எழுத்துக் கூட்டினான்.